ராய்கட்டும் செஞ்சியும்



பிற மாநிலத்தில் வாழும் தமிழருக்குத் தாம் குடியேறிய ஊரில் மூன்று இடங்கள் நன்றாகத் தெரியும். ஒன்று உத்தியோகம் பார்க்கும் இடம். மற்றொன்று குடியிருக்கும் இடம். மூன்றாவது, சொந்த ஊருக்குப் போக ரயில் ஏறும் இடம். இவற்றுக்கு அப்பால் பரந்து கிடக்கும் நாட்டுப்புறம் பலருக்கு ஜன்னலுக்கு வெளியே ஓடி மறையும் காட்சியாகவே நின்றுவிடுகிறது. மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டி கர்ஜத்தைத் தாண்டி மலையேறி, லோணாவளாவைக் கடந்து புனேயை நோக்கி விரையும்போது, வலப்புறத்தில் உச்சி தட்டையான இரண்டு மலைகள் தோன்றும். அவற்றுள் ஒன்று லோகட், மற்றது விசாபூர். இரண்டும் கோட்டைகள். ஆண்டுதோறும் அவ்வழியே போய்வருபவர்களில் எத்தனை பேர் அவற்றை ஏறிட்டுப் பார்த்திருப்போம்?

நம் குழந்தைகளின் நிலை வேறு. அவர்கள் மகாராஷ்டிரத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இளம் வயதிலேயே சிவாஜி மகாராஜாவின் சரித்திரம் அவர்களுக்குப் பாடமாகிறது. "இந்தச் சரித்திரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு குழந்தை கேட்டால், பெற்றோர் தக்க விடை கூற வேண்டும். விடை இருக்கிறது. அதைப் புத்தகத்தில் தேடுவதைவிட, குடும்பத்தோடு நான்கு நாள் காரில் புறப்பட்டுச் சாலையில் தேடுவது நலம் என்பது என் எண்ணம்.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. பன்னிரண்டாவது நமது செஞ்சிக் கோட்டை. சஹ்யாத்திரி மலைத்தொடரிலும் கொங்கணக் கடலோரத்திலும் உள்ள கோட்டைகளின் வரிசையில், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தமிழ்நாட்டில் நிற்கும் ஒரு கோட்டை ஏன் இடம்பெற்றது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பிரயாணத்தைத் தொடங்கலாம்.

முதலில் காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இம்மலைகளில் பெருமழை பெய்யும், படிகள் வழுக்கும், மூடுபனியில் எதிரில் நிற்பவர் முகமும் தெரியாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உள்ள மாதங்களே ஏற்றவை. அடுத்து, மலையின் அமைப்பு. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியதால் உண்டானது தக்காணப் பீடபூமி. அந்த அடுக்குகளை மழையும் ஆறும் அரித்ததனால், மேலே சமதரையும் பக்கங்களில் செங்குத்தான பாறையும் உடைய மலைகள் உருவாயின. இயற்கையே மதிலெழுப்பி வைத்த இடத்தில், மனிதன் வாயிலை மட்டும் அமைத்தால் போதுமானதாக இருந்தது. மதிலுக்கு வேண்டிய கல்லை அந்த உச்சியிலேயே வெட்டினார்கள். வெட்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கியது. கல் மதிலாயிற்று, பள்ளம் சுனையாயிற்று. எந்தக் கோட்டைக்குச் சென்றாலும் மதிலைப் பார்த்த பிறகு சுனையைத் தேடிப் பாருங்கள். பீரங்கி இல்லாத கோட்டை சில நாள் தாங்கும். தண்ணீர் இல்லாத கோட்டை ஒருநாளும் தாங்காது.

முதல்நாள் மும்பையிலிருந்து புறப்பட்டு, லோணாவளாவைக் கடந்ததும் கார்லா குகையைக் காணலாம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகளுக்காக மலையைக் குடைந்து அமைத்த மண்டபம் அது. நீளம் சுமார் 124 அடி. இந்தியாவிலுள்ள குடைவரைச் சைத்தியங்களுள் இதுவே பெரியது. மேற்கூரையில் பொருத்திய தேக்கு மர வளைவுகள் இன்றும் உள்ளன. தூண்களில் பொறித்த எழுத்துகளில் நன்கொடை அளித்தவர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. வைஜயந்தி நகரத்து வணிகர் ஒருவர், யவனர் சிலர் எனப் பல ஊர்க்காரர்கள் அங்கே தம் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்கள். வைஜயந்தி என்பது கர்நாடகத்து வனவாசி என்பர். துறைமுகத்திலிருந்து மேட்டுநிலத்துக்குச் சரக்கு ஏறிய வழியில் அமைந்த மண்டபம் அது. அயலூரிலிருந்து பிழைக்க வந்தவன் தான் வந்த ஊருக்கும் ஏதேனும் செய்துவிட்டுப் போவது இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்பதற்கு அத்தூண்கள் சாட்சி.

கார்லாவுக்கு எதிரே, ரயில் பாதையின் மறுபுறத்தில் லோகட் நிற்கிறது. கணேசர், நாராயணர், அனுமன் ஆகியோர் பெயரிலமைந்த வாயில்களைக் கடந்து மகாதர்வாஜா என்னும் பெருவாயிலை அடைய வேண்டும். பாதை நேராகச் செல்லாமல் வளைந்து வளைந்து ஏறுவதைக் குழந்தைகளுக்குச் சுட்டிக் காட்டுங்கள். யானையைக் கொண்டு கதவை முட்டி உடைக்க வேண்டுமானால் அது ஓடி வர நேர்வழி வேண்டும். அந்த வழியை மறுப்பதற்கே இந்த வளைவுகள். உச்சியிலிருந்து மேற்கே நீண்டு செல்லும் பாறைக்கு 'விஞ்சு காடா', அதாவது தேள்கொடுக்கு, என்று பெயர். மேலிருந்து பார்த்தால் பெயர் பொருத்தமென்பது விளங்கும்.

அன்றிரவு புனேயில் தங்கி, மறுநாள் காலையில் சிம்மகட்டுக்குச் செல்லலாம். நகரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். கார் மேலே வரை செல்லும். ஆதலால் முதியவர்களும் காணத்தக்க கோட்டை இது. 1665ஆம் ஆண்டு புரந்தர் உடன்படிக்கையின்படி சிவாஜி மொகலாயருக்கு 23 கோட்டைகளை ஒப்படைக்க நேர்ந்தது. அவற்றுள் இதுவும் ஒன்று. அன்று இதன் பெயர் கொண்டாணா. 1670 பிப்ரவரியில் தானாஜி மாலுசரே என்ற வீரர் இரவில் செங்குத்துப் பாறையேறி இதனை மீட்டு, அந்தப் போரிலேயே உயிர் துறந்தார். கயிறு கட்டிய உடும்பைப் பாறையில் ஏற்றி, அதன் பிடியை நம்பி வீரர்கள் ஏறினார்கள் என்பது மக்கள் வழங்கும் கதை. அது சரித்திரமா கற்பனையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். உடும்புப் பிடி என்று நாமும் சொல்கிறோம். மராத்திக் கதைக்கும் தமிழ் வழக்குக்கும் உடும்பு ஒன்றாகவே தோன்றியிருக்கிறது என்பது மகிழ்ச்சியான செய்திதான்.

மேலே தேவ்டாகே என்ற சுனையின் நீரையும், பானையில் உறையவைத்த தயிரையும், ஜோளரொட்டியோடு தரும் பிட்லாவையும் பற்றி நான் சொல்லாவிட்டாலும் நீங்களே கண்டுகொள்வீர்கள். கடைக்காரரிடம் நமக்குத் தெரிந்த மராத்தியில் நான்கு வார்த்தை பேசுங்கள். பிழையிருந்தாலும் அவர் பெரிதாக எண்ணமாட்டார்.

தானாஜியின் நினைவுச் சின்னத்தைக் காணக் கூட்டம் திரளும். அதே கோட்டையில் மற்றொரு சமாதி இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு. அது சிவாஜியின் இளைய மகன் ராஜாராமுக்கு உரியது. முப்பது வயதே நிரம்பிய நிலையில், 1700ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் இங்கே காலமானார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய கேள்விக்கு விடை இவரிடம்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் தெற்கே சாத்தாரா சாலையில் சென்று, வாயி என்ற ஊரின் வழியாக மகாபலேசுவரத்துக்கு ஏறுகிறோம். ஆண்டுக்குச் சராசரி 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மலை அது. அங்கேதான் கிருஷ்ணா நதி பிறக்கிறது. சென்னை நகரத்தின் தாகத்தைத் தீர்க்க மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் தத்தம் பங்கிலிருந்து ஐந்து டி.எம்.சி. வீதம் கிருஷ்ணா நீரைத் தர 1976இல் இசைந்தன. 1996இல் அந்நீர் தமிழ்நாட்டு எல்லையை எட்டிப் பூண்டி ஏரிக்கு வந்தது. நம் உறவினர் சென்னையில் குழாயைத் திறந்து குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதிக்கு இந்த மலை தாய்வீடு.

மகாபலேசுவரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் பிரதாப்கட். 1656இல் மோரோபந்த் பிங்களேயின் மேற்பார்வையில் சிவாஜி எழுப்பிய கோட்டை. 1659 நவம்பர் 10ஆம் நாள் இதன் அடிவாரத்தில்தான் அவர் பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானைச் சந்தித்தார். சந்திப்பில் அப்சல்கான் மாண்டதும், அவருடைய படை காட்டுப் பள்ளத்தாக்கில் சிதறியதும் பாடப்புத்தகத்தில் உள்ளவை. மாண்ட தளபதிக்கு அடிவாரத்திலேயே கல்லறை அமைந்தது. கோட்டையில் உள்ள சிவாஜியின் குதிரைவீரச் சிலையைப் பிரதமர் நேரு 1957 நவம்பரில் திறந்து வைத்தார். மேல்மதிலில் நின்று மேற்கே பார்த்தால் கொங்கணம் முழுவதும் படிப்படியாக இறங்கிச் செல்வது தெரியும். இந்தக் கணவாயைப் பிடித்தவனே கடலுக்கும் மேட்டுநிலத்துக்கும் இடையில் சுங்கக்காரன் என்பது அப்போது விளங்கும்.

நான்காம் நாள் மலைப்பாதையில் போலாத்பூருக்கு இறங்கி மஹாட் நகரை அடைகிறோம். ராய்கட்டுக்கு விரைபவர்கள் பலர் இவ்வூரில் நிற்பதில்லை. அவசியம் நிற்க வேண்டும். இங்கே கோட்டையில்லை, சவ்தார் என்னும் குளம் இருக்கிறது. பொதுக் குளமாயிருந்தும் தீண்டாதார் எனப்பட்ட மக்கள் அதில் ஒரு கை நீர் அள்ள முடியாதிருந்தது. நகராட்சி மன்றம் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டதாக 1924இலேயே தீர்மானித்தும், தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து சென்று அந்நீரை அருந்தினார். அடியும் உதையும் பட்டார்கள், வழக்கு நடந்தது, பத்தாண்டுக்குப் பின், 1937இல், பம்பாய் உயர்நீதிமன்றம் அம்மக்களின் பக்கமே தீர்ப்பளித்தது. மூன்று நாளாக மலையுச்சியில் நீரை எப்படிக் காத்தார்கள் என்று பார்த்து வந்தோம். யாரிடமிருந்து காத்தார்கள் என்ற கேள்வியை மஹாட் நம்மிடம் கேட்கிறது. இக்குளத்தைக் கண்ட கண்ணோடு ராய்கட் ஏறுவது நல்லது.

மஹாட்டிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் ராய்கட். அடிவாரத்துப் பாச்சாடில் சிவாஜியின் அன்னை ஜீஜாபாயின் சமாதி இருக்கிறது. மகன் முடிசூடிய சில நாள்களுக்குள் அவர் மறைந்தார். மலைமேல் செல்ல ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உண்டு. ஏற இயலாதவர்களுக்குக் கம்பிவடப் பெட்டி உண்டு. 1674 ஜூன் 6ஆம் நாள் சிவாஜி சத்திரபதியாக முடிசூடியது இங்கே. 1680 ஏப்ரல் 3ஆம் நாள் மறைந்ததும் இங்கே. 1818இல் ஆங்கிலேயர் பீரங்கி கொண்டு தாக்கியபோது மரத்தாலான மாளிகைகள் எரிந்து போயின. எஞ்சியவை கல்மேடைகள், இரு வரிசைக் கடைவீதி, கங்காசாகர் ஏரி, நகராக் கூடம் ஆகியவையே.

இருந்தாலும் இரண்டு பெயர்களை ஆங்கிலேயரின் நெருப்பு தொடவில்லை. கோட்டையைக் கட்டிய ஹிரோஜி என்பவர் ஜகதீசுவரர் கோயிலின் ஒரு படிக்கல்லில், பணிக்கு எப்போதும் காத்திருப்பவன் என்ற பொருள்பட, தம் பெயரைப் பொறித்திருக்கிறார். அரசரின் பெயர் உயரத்தில் இருக்க, தம் பெயர் பக்தர்களின் காலடியில் இருந்தால் போதும் என எண்ணினார் போலும். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரைப் படித்து மகிழும் தமிழருக்கு இந்தப் படியின் அருமையைத் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை. மற்றொரு பெயர் ஹிரகணி. பால் விற்க வந்த அப்பெண், மாலையில் வாயிலை அடைத்துவிட்டதால், வீட்டில் தனித்திருந்த பச்சைக் குழந்தையை நினைத்து, இருளில் செங்குத்துப் பாறை வழியே இறங்கிப் போய்விட்டாள் என்றும், அவள் இறங்கிய இடத்தில் அரசர் கொத்தளம் கட்டினார் என்றும் கதை வழங்குகிறது. அந்தக் கொத்தளத்துக்கு இன்றும் அவள் பெயர்தான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். 1689ஆம் ஆண்டு தொடக்கத்தில் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை மொகலாயர் சங்கமேசுவரத்தில் சிறைபிடித்து, மார்ச் மாதத்தில் கொன்றனர். ராய்கட்டை மொகலாயப் படை சூழ்ந்தது. உள்ளே சம்பாஜியின் மனைவி ஏசுபாயும், சிறுவனான மகன் சாஹுவும், பத்தொன்பது வயதான மைத்துனர் ராஜாராமும் இருந்தனர். எல்லோரும் ஒரே கோட்டையில் அகப்பட்டால் அரசே அழியும் என்று உணர்ந்த ஏசுபாய், ராஜாராமை வெளியேறச் செய்து, தாமும் மகனும் பின்தங்கினார். அவ்வாண்டிலேயே கோட்டை வீழ்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1719இல்தான் அந்த அம்மையார் சிறை மீண்டார்.

ராஜாராம் பிரதாப்கட் சென்று, பன்ஹாளா சென்று, அங்கிருந்து மாறுவேடத்தில் தெற்கே புறப்பட்டார். வழியில் கர்நாடகத்துக் கெளதி நாட்டு ராணி சென்னம்மா துணைபுரிந்தார். பெங்களூர், வேலூர் வழியே அவர் 1689 நவம்பரில் வந்து சேர்ந்த இடம் செஞ்சி. ராஜா தேசிங்கின் கதைப்பாடலால் நாம் அறிந்த அதே செஞ்சிதான். தேசிங்கு வீழ்ந்த 1714க்குக் கால் நூற்றாண்டு முன்பு நடந்த செய்தி இது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் இணைத்த அக்கோட்டையில் மராத்திய அரசவை கூடியது. மகாராஷ்டிரத்துத் தளபதிகளுக்கு உத்தரவுகளும் மானியப் பத்திரங்களும் தமிழ்மண்ணிலிருந்து எழுதிப் போயின. 1690இல் மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் தொடங்கிய முற்றுகை, கோட்டை வீழ்ந்த 1698 வரை ஏழாண்டுகளுக்கு மேல் நீடித்தது. வீழுமுன் ராஜாராம் தப்பிச் சென்றார். சாத்தாராவில் அரசை நிறுவினார். சிம்மகட்டில் உயிர் நீத்தார். சஹ்யாத்திரியில் கோட்டைகள் வீழ்ந்த நாளில் மராத்திய அரசு உயிர்த்திருக்க இடம் தந்தது செஞ்சி. பன்னிரண்டில் ஒன்றாக அது எண்ணப்பட்ட காரணம் இதுதான்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். செஞ்சி மராத்தியரை விரும்பி அழைத்து விருந்து வைத்தது என்று நாம் கதை கட்டக்கூடாது. 1677இல் சிவாஜி அதனைப் பீஜப்பூர் அதிகாரியிடமிருந்து கைப்பற்றினார். மதில்களைத் தம் தேவைக்கேற்பப் பலப்படுத்தினார். பின்னர் நிகழ்ந்த நீண்ட முற்றுகையில் சுற்றுப்புறச் சீமை பட்ட துன்பம் சிறிதன்று. அரசர்கள் படையோடு வந்தார்கள், வரி வாங்கினார்கள். அவர்களோடு கணக்கரும் சமையற்காரரும் பாடகரும் வந்தார்கள். அவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. தஞ்சையில் சிவாஜியின் தம்பி ஏகோஜியின் வழியினர் ஆண்டார்கள். அவர்களுடைய குல வரலாற்றை 1803இல் மராத்தி மொழியில் பெரியகோயிற் சுவரில் பொறித்தார்கள். இராஜராஜன் கட்டிய சுவர் அந்த எழுத்துகளையும் சுமந்து நிற்கிறது. வந்தவர் எப்படி வந்தார் என்பது ஒரு கணக்கு. வந்தபின் அந்த மண்ணோடு எப்படி வாழ்ந்தார் என்பது வேறொரு கணக்கு. சரித்திரம் இரண்டையும் எழுதி வைக்கிறது.

ஆகவே, "நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் குழந்தையிடம் நாம் கூறத்தக்கது இது: இன்று நாம் வேலை தேடி வடக்கே வந்த வழியில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டு அரசர் ஒருவர் உயிரைக் காத்துக்கொள்ளத் தெற்கே போனார். அவருடைய அரசுக்கு நம் ஊர் மலை எட்டாண்டு கூரையாயிருந்தது. அவருடைய மலையில் பிறக்கும் ஆறு இன்று நம் ஊருக்குக் குடிநீர் அனுப்புகிறது. இந்த நாட்டில் எந்த மலையும் ஒருவர்க்கே சொந்தமாயிருந்ததில்லை.

மகாராஷ்டிரத்தில் வாழ்வோர்க்கு மட்டும் உரிய செய்தி என்று மற்ற நேயர்கள் கருத வேண்டாம். தில்லியிலோ, கொல்கத்தாவிலோ, ஆமதாபாத்திலோ நீங்கள் இருந்தாலும், ஒருநாள் கார்ப்பயணத்துக்குள் ஏதேனும் ஒரு பழைய மதில் நிற்கும். அங்கே சென்றால் மூன்றை மட்டும் விசாரியுங்கள்: வாயில் எந்தத் திசையைப் பார்க்கிறது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, அரசரல்லாதார் பெயர் எங்கேனும் எழுதியிருக்கிறதா. விடை சொல்ல உள்ளூர்க்காரர் எவரேனும் கிடைப்பார். அவரோடு பேசத் தொடங்கினால் அந்த ஊர் பாதி நம் ஊராகிவிடும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒருநாளைச் செஞ்சிக்கு ஒதுக்குங்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். ராய்கட்டைக் கண்ட குழந்தை ராஜகிரியின் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கட்டும். அங்கே வரும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ராஜாராமின் கதையை அந்தக் குழந்தையே எடுத்துச் சொல்லட்டும்.